தேறுதல் தேடி ஆர்மீனியாவுக்கு

மனமும் உடலும் சோர்ந்தவர்கள் சில நாள் இளைப்பாறிவிட்டு வரலாம் என்று நினைக்கும்போது ஆர்மீனியாவின் பெயர் எளிதில் நினைவுக்கு வருவதில்லை. அந்த நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. தெற்குக் காக்கசஸ் மலைப்பகுதியில் ஜார்ஜியா, அஜர்பைஜான், ஈரான், துருக்கி ஆகிய நான்கு நாடுகளுக்கு நடுவே அது அடங்கிக் கிடக்கிறது. பரப்பு சுமார் 29,700 சதுர கிலோமீட்டர்; மக்கள்தொகை 30 லட்சம் அளவில். நாட்டின் சராசரி உயரமே கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டர். துருக்கியுடனான எல்லை 1993 முதல் மூடப்பட்டிருக்கிறது. இனப்படுகொலை, நிலநடுக்கம், போர் என்று ஒரு நூற்றாண்டுக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட்ட மக்கள் அங்கே வாழ்கிறார்கள். அப்படியிருந்தும் நொந்துபோன நிலையில் அங்கே சென்று தேறித் திரும்பியவர்கள் உண்டு. அவர்களில் சிலர் எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

ரஷ்யக் கவிஞர் ஓசிப் மண்டல்ஷ்டாம் அவர்களில் முதலில் சொல்லப்பட வேண்டியவர். 1925க்குப் பிறகு ஐந்தாண்டுக் காலம் அவரால் ஒரு கவிதைகூட எழுத முடியவில்லை. இலக்கியச் சண்டைகள், அவதூறுகள், பிழைப்புக்காகச் செய்த மொழிபெயர்ப்பு வேலைகள் எல்லாம் சேர்ந்து அவரை முடக்கிப் போட்டிருந்தன. 1930இல் சோவியத் அரசியல்வாதி நிகொலாய் புகாரின் செய்த உதவியால் மனைவி நதேழ்தாவுடன் ஆர்மீனியா செல்லும் வாய்ப்பு வந்தது. சில மாதங்கள் அங்கே இருந்தார். அதில் ஒரு மாதம் செவான் ஏரியிலிருந்த சின்னஞ்சிறு தீவில் கழிந்தது. ஆர்மீனிய மொழியின் எழுத்துகளைக் கற்றார், பழைய தேவாலயங்களைச் சுற்றிவந்தார், உள்ளூர் அறிஞர்களோடு பேசிக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் திபிலீசி நகரில் அடைப்புத் திறந்தது. கவிதை மீண்டும் வந்தது. அப்போது எழுதியதே ஆர்மீனியா பற்றிய கவிதை வரிசை. பயணத்தைப் பற்றிய உரைநடை 1933இல் வெளிவந்தது. பயணம் முடிந்து எட்டாண்டு கழித்து, 1938இல், கைதிகள் முகாமில் அவர் இறந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1930க்குப் பிறகு அவர் எழுதிய கவிதைகளே அவருடைய உச்சம் என்று கருதுவோர் பலர்; அந்தக் காலத்தைத் தொடங்கிவைத்தது அந்த ஒரு பயணம்.

அடுத்தவர் நாவலாசிரியர் வசீலி கிராஸ்மன். 1961 பிப்ரவரியில் சோவியத் உளவுத்துறை அவர் வீட்டுக்குள் புகுந்து, அவருடைய பெரிய நாவலின் கையெழுத்துப் படிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போனது. தட்டச்சுக் கார்பன் தாள்களைக்கூட விட்டுவைக்கவில்லை. பத்தாண்டு உழைப்பு கைவிட்டுப் போன நிலையில், அந்த ஆண்டின் இறுதியில் அவர் ஆர்மீனியா போனார். ஓர் ஆர்மீனிய நாவலின் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பை நல்ல ரஷ்ய மொழியாக்கித் தரும் கூலி வேலைதான் காரணம். யெரெவானிலும் சாக்காஸோர் மலையூரிலும் இரண்டு மாதம் இருந்தார். அராகட்ஸ் மலையடிவாரக் கிராமமொன்றில் நடந்த கல்யாண விருந்தைப் பற்றி அவர் எழுதிய பக்கங்கள் மறக்க முடியாதவை. கிராஸ்மன் யூதர், அவருடைய தாயை 1941இல் நாஜிகள் கொன்றிருந்தனர். விருந்தின் நடுவே எழுந்த கிராமத்தார், யூதர்கள் பட்ட துன்பத்தைத் தங்கள் துன்பத்தோடு சேர்த்துப் பேசினார்கள். முன்பின் தெரியாத மனிதர்கள் கல்யாணப் பந்தியில் வைத்துத் தன் துக்கத்தைப் பகிர்ந்துகொண்டது அவருக்குப் பெரிய ஆறுதலாயிற்று. அந்தப் புத்தகம் அவர் 1964இல் இறந்த பிறகே அச்சேறியது.

ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1965 ஆகஸ்டில் திலிஜான் காட்டுக்குள்ளிருந்த இசையமைப்பாளர் இல்லத்தில் தங்கி ஓய்வெடுத்தார். ஓய்வென்று வந்தவர் அங்கேயே புஷ்கின் கவிதைகளுக்கு ஒரு பாடல்வரிசை அமைத்துக்கொண்டு போனார்.

இந்த மூவருக்கும் பொதுவான செய்தி ஒன்று உண்டு. மூவருமே ஓரிடத்தில் நிலைத்துத் தங்கினார்கள். கையில் சிறிது வேலை இருந்தது, அல்லது வேலை அவர்களைத் தேடி வந்தது. ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஏழு நாளில் பதினைந்து இடம் என்று பயணம் வைத்துக்கொண்டிருந்தால் இவர்களில் எவரும் தேறியிருக்க வாய்ப்பில்லை. ஆர்மீனியாவுக்கு ஓய்வு நாடிப் போகிறவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்.

பயணம் பெரும்பாலும் தலைநகர் யெரெவானில் தொடங்கும். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் வழக்கமாகத் துபாய், சார்ஜா, தோஹா போன்ற வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறுகிறார்கள். இந்திய நேரத்துக்கும் ஆர்மீனிய நேரத்துக்கும் வித்தியாசம் ஒன்றரை மணிதான் என்பதால் ஐரோப்பா, அமெரிக்கா போகிறவர்களை வாட்டும் தூக்கக் கேடு இங்கே இல்லை. களைத்துப் போகிறவருக்கு இது சிறிய அனுகூலம் அல்ல.

யெரெவான் பழைய ஊர். உரார்த்து அரசன் முதலாம் ஆர்கிஷ்டி கி.மு. 782இல் எரெபுனி கோட்டையைக் கட்டியதைச் சொல்லும் ஆப்பெழுத்துக் கல்வெட்டு 1950இல் நடந்த அகழாய்வில் கிடைத்தது. ஆனால் இன்று கண்ணில் படும் நகரம் 1924இல் அலெக்சாந்தர் தமன்யான் வகுத்த திட்டத்தின்படி எழுந்தது. கட்டடங்களில் பெரும்பாலானவை டஃப் எனப்படும் எரிமலைக் கல்லால் ஆனவை. அந்தக் கல் இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு என்று பல நிறத்தில் கிடைக்கிறது. வெயில் சாயச் சாயச் சுவரின் நிறமும் மாறிக்கொண்டே போகும். கோடை மாலைகளில் நகரமே தெருவில் இருக்கிறது என்று சொல்லலாம். பாட்டிமார் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்க, குழந்தைகள் இரவு பத்து மணி தாண்டியும் ஓடி விளையாடுகிறார்கள். குடியரசுச் சதுக்கத்தில் இசைக்கேற்ப ஆடும் நீரூற்றுகளைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். காஸ்கேட் என்ற 572 படிகள் கொண்ட மாபெரும் படிக்கட்டில் ஏறினால் (உள்ளே நகரும் படிகளும் உண்டு) நகரம் முழுவதும் தெரியும். வானம் தெளிந்த நாளில் அதற்கப்பால் அராரத் மலையும் தெரியும். 5,137 மீட்டர் உயரமும் இரண்டு சிகரங்களும் கொண்ட அந்த மலை ஆர்மீனியாவின் அரசுச் சின்னத்தில் இருக்கிறது; நிற்பதோ துருக்கி மண்ணில். மூடிய எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்கும் மலையைத் தினமும் பார்த்துக்கொண்டு வாழ்கிறார்கள் அந்த ஊர்க்காரர்கள்.

அந்த நகரத்துக்குப் புதிதாக வந்தவர் முதல் நாளே பழகிக்கொள்ளும் பழக்கம், தெருவில் குனிந்து தண்ணீர் குடிப்பது. தெருமுனைகளிலும் பூங்காக்களிலும் இடுப்பளவு உயரக் கல் தூண் ஒன்று இருக்கும். அதன் உச்சியிலிருந்து விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டே இருக்கும். பூல்புலாக் என்று அதற்குப் பெயர். மலை ஊற்றுகளிலிருந்து வரும் குளிர்ந்த நீர். திறக்கவோ மூடவோ குழாய் இல்லை, காசும் கிடையாது. ஊருக்கு வெளியே மலைச்சாலைகளிலும் இத்தகைய ஊற்றுக்கல்கள் உண்டு. அவற்றில் பல, இறந்துபோன மகனுக்காகவோ தந்தைக்காகவோ குடும்பத்தார் கட்டிவைத்தவை. இறந்தவரின் பெயரும் சில இடங்களில் உருவமும் கல்லில் இருக்கும். வழிப்போக்கர் தண்ணீர் குடித்துவிட்டு அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுப் போகிறார். துக்கத்தைப் பிறர் தாகம் தீர்க்கும் கொடையாக மாற்றும் இந்த வழக்கத்தைவிட ஆர்மீனியப் பண்பாட்டை நன்றாகக் காட்டும் இன்னொன்றைச் சொல்வது கடினம்.

இளைப்பாறப் போன இடத்தில் துக்கத்தைப் பற்றிப் பேச வேண்டுமா என்ற கேள்வி எழலாம். ஆர்மீனியாவில் அதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. 1915 ஏப்ரல் 24 அன்று ஆட்டோமான் பேரரசின் தலைநகரில் ஆர்மீனிய எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் தலைவர்களும் கைது செய்யப்பட்டனர். அதைத் தொடர்ந்த நாடுகடத்தலிலும் கொலையிலும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர், பல கணக்குகளின்படி 15 லட்சம் பேர் வரை, மாண்டனர். தப்பியவர்கள் உலகெங்கும் சிதறினர். ஆர்மீனியாவுக்குள் வாழ்பவர்களைவிட வெளியே வாழும் ஆர்மீனியர்கள் அதிகமாக இருப்பதற்கு முக்கியக் காரணம் அதுதான். யெரெவானில் சிட்செர்னகாபெர்ட் குன்றின்மேல் 1967இல் எழுப்பப்பட்ட நினைவிடத்தில் 44 மீட்டர் உயரக் கூர்ங்கல்லும், உட்புறம் சாய்ந்து நிற்கும் 12 பெரும் பாறைப்பலகைகளும், அவற்றின் நடுவே அணையாத் தீயும் இருக்கின்றன. படியிறங்கித் தீயருகே செல்பவர் தலை தானே குனியும்படி அந்தப் படிகள் அமைந்திருக்கின்றன. ஒவ்வோர் ஏப்ரல் 24 அன்றும் லட்சக்கணக்கானோர் வந்து தீயைச் சுற்றிப் பூ வைக்கிறார்கள். பயணத்தின் முதல் இரண்டு நாளுக்குள் அங்கே போய்வருவது நல்லது. அதன் பிறகு கேட்கும் பாட்டும் உண்ணும் விருந்தும் வேறு பொருள் கொள்ளும்.

பாட்டென்றால் கோமிதாஸ். 1869இல் பிறந்து சிறுவயதிலேயே பெற்றோரை இழந்த இவர், எச்மியாட்சின் மடத்தில் படித்துத் துறவியானார். பெர்லினில் மேலை இசை கற்றார். பிறகு ஊர் ஊராகப் போய் உழவர்களும் தாய்மாரும் பாடிய பாடல்களை ஆயிரக்கணக்கில் எழுதி எடுத்தார். 1915இல் கைதானவர்களில் அவரும் ஒருவர். உயிரோடு திரும்பினாலும் மனம் உடைந்துபோயிற்று. கடைசி இருபது ஆண்டுகளை மனநல மருத்துவமனைகளில் கழித்து 1935இல் பாரிஸ் அருகே இறந்தார். அவர் எழுதி எடுத்த பாடல்களில் ஒரு பகுதியே எஞ்சியிருக்கிறது. அந்த ஒரு பகுதி இல்லையென்றால் ஏர் ஓட்டும் பாட்டும் தாலாட்டும் அவற்றைப் பாடிய ஊர்களோடு சேர்ந்து அழிந்திருக்கும். யெரெவானில் 2015இல் திறக்கப்பட்ட கோமிதாஸ் அருங்காட்சியகத்தில் அமர்ந்து அவர் அமைத்த பாடல்களைக் கேட்கலாம்.

டுடுக் என்ற குழலை அவசியம் நேரில் கேட்க வேண்டும். பாதாமி (ஏப்ரிகாட்) மரத்தில் கடைந்த, ஒரு முழத்துக்கும் குறைவான குழல். அதன் வாயில் பொருத்துவது அகன்ற நாணல் சீவாளி. நாகஸ்வரத்தைப் போல இதுவும் இரட்டை நாக்குக் கருவிதான். ஆனால் ஒலி ஓங்காது, மனிதக் குரல் தொண்டைக்குள் நின்று பாடுவதுபோல வரும். சுருதிக்கு ஆள் இல்லாமல் டுடுக் வாசிப்பதில்லை. ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றவர் மூச்சைக் கன்னத்தில் தேக்கி, மூக்கால் இழுத்து, ஒரே சுரத்தை அறாமல் பிடித்துக்கொண்டே இருப்பார். சுருதிக்காரர் அந்த ஒற்றைச் சுரத்தை விடாமல் தாங்குவதால்தான் முன்னவர் துணிந்து பாட்டில் இறங்க முடிகிறது. கல்யாணத்துக்கும் இந்தக் குழல்தான், சாவுக்கும் இந்தக் குழல்தான். 1928இல் பிறந்து 2021இல் மறைந்த ஜீவான் காஸ்பர்யான் இதன் ஒலியை உலகம் முழுக்கக் கொண்டுபோனார். யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் டுடுக் இசை இடம்பெற்றிருக்கிறது.

யெரெவானில் ஒரு முழுப் பகலைக் கொடுக்கத் தகுந்த இடம் மாடெனதரான் என்ற சுவடிக் காப்பகம். மெஸ்ரோப் மாஷ்டொட்ஸ் என்ற துறவி கி.பி. 405 அளவில் ஆர்மீனிய மொழிக்கு 36 எழுத்துகளை வகுத்தார்; பிற்காலத்தில் சேர்ந்தவையோடு இன்று 39. எழுத்து கிடைத்தது முதல் அம்மக்கள் எழுதித் தள்ளினார்கள். காப்பகத்தில் சுமார் 23,000 சுவடிகளும் துணுக்குகளும் உள்ளன. சுவடி எழுதியவர்கள் கடைசிப் பக்கத்தில் தங்கள் காலத்து நிலையையும் எழுதிவைப்பது வழக்கம்: பஞ்சம், படையெடுப்பு, கை நடுங்கும் குளிர், பிழை இருந்தால் மன்னிக்கும்படி ஒரு வேண்டுகோள். படையெடுத்தவர்கள் கவர்ந்து சென்ற சுவடிகளை ஊரார் காசு திரட்டி, சிறைப்பட்ட மனிதரை மீட்பதுபோல மீட்டு வந்ததும் உண்டு.

அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் முஷ் ஊரின் பிரசங்கத் தொகுப்பு இருக்கிறது. 1200க்கும் 1202க்கும் இடையே எழுதப்பட்ட தோல் சுவடி. எடை சுமார் 28 கிலோ. 1915இல் பாழடைந்த மடத்தில் இதைக் கண்ட இரண்டு பெண்கள், ஒருவரால் தூக்க முடியாததால் இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பாதியாகச் சுமந்து தப்பினார்கள். ஒரு பாதி எச்மியாட்சின் வந்து சேர்ந்தது. மறு பாதியை வழியில் புதைத்துவைக்க வேண்டியதாயிற்று. பின்னால் அதுவும் கண்டெடுக்கப்பட்டு இரண்டும் ஒன்றுசேர்ந்தன. உயிருக்கு ஓடும்போது சோற்று மூட்டையைத் தூக்காமல் புத்தகத்தைத் தூக்கிய அந்த இரண்டு பெண்களுக்காகவே மாடெனதரான் போகலாம்.

தமிழ் வாசகருக்கு இந்தச் சுவடி மரபோடு நேரடித் தொடர்பு ஒன்று இருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை வெளிவந்த ஊர் சென்னை. ஹாருத்யூன் ஷ்மவோனியன் என்ற பாதிரியார் 1794 அக்டோபரில் ‘அஸ்தரார்’ என்ற மாத இதழைத் தொடங்கி 18 இதழ்கள் நடத்தினார். அதற்கும் முன்பே ஷாஹமிர் ஷாஹமிரியன் என்ற வணிகர் சென்னையில் அச்சகம் வைத்து, 1773 என்று ஆண்டு பொறித்த நூலொன்றில், விடுதலை பெறப்போகும் ஆர்மீனியாவுக்கு ஓர் அரசியல் சட்டத்தையே வரைந்து வெளியிட்டார். ஆர்மீனியாவுக்கு அப்போது நாடும் இல்லை, அரசும் இல்லை. சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் 1726இல் பாலம் கட்டியவரும் பரங்கிமலைக்குப் படி அமைத்தவரும் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர்தான். அரண்மனைக்காரன் தெருவிலுள்ள 1772ஆம் ஆண்டு ஆர்மீனியத் தேவாலயத்தில் ஷ்மவோனியனின் கல்லறை இருக்கிறது. யெரெவானில் ஒருவர் தான் சென்னையிலிருந்து வருவதாகச் சொன்னால், கற்றறிந்த ஆர்மீனியர் முகத்தில் வரும் மலர்ச்சிக்குக் காரணம் இதுவே.

நகரத்தைவிட்டு வெளியே வந்தால் மடங்கள். ஆர்மீனியா 301இல் கிறிஸ்தவத்தை அரச மதமாக ஏற்றது என்பது மரபு. நாட்டின் மலைவிளிம்புகளிலெல்லாம் மடங்கள் நிற்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க முயல்வது வீண். கார்னியும் கெகார்டும் ஒரே வழியில் அமைந்தவை. ஒரு நாளில் நிதானமாகப் பார்க்கலாம். கார்னியில் இருப்பது கிறிஸ்தவத்துக்கு முந்தைய, கிரேக்கப் பாணியிலான தூண் கோயில். 1679 நிலநடுக்கத்தில் சரிந்து கிடந்த கற்களைக் கொண்டே 1975 வாக்கில் மீண்டும் எழுப்பினார்கள். கோயிலுக்குக் கீழே அசாத் ஆற்றுப் பள்ளத்தாக்கில், பாறை அறுகோணத் தூண்களாகப் பிளந்து வரிசை வரிசையாகத் தொங்குகிறது.

கெகார்டில் 1215ஆம் ஆண்டுத் தேவாலயத்தை ஒட்டிய மலையையே குடைந்து கோயில் அறைகள் செய்திருக்கிறார்கள். மேலிருந்து கீழாகச் செதுக்கிய வேலை. முதல் குடைவறைக்குள் ஓர் ஊற்று. பாறையிலிருந்து கசியும் நீர் தரையில் வெட்டிய வாய்க்காலில் ஓடுகிறது, வருகிறவர்கள் முகத்தில் தெளித்துக்கொள்கிறார்கள். குடைவறைகளுக்குச் சன்னல் இல்லை. கூரை நடுவில் விட்ட ஒற்றைத் துளைவழி வெளிச்சம் இறங்குகிறது. 1288இல் முடிந்த மேலறையில் நாலைந்து பேர் நின்று பழைய துதிப்பாடல் ஒன்றைப் பாடினால், பாடி முடித்த பிறகும் சுரம் சில நொடி சுவரில் நிற்கிறது. வார இறுதிகளில் பாடகர் குழு வருவது வழக்கம். கூட்டமில்லாத காலை நேரத்தில் போகிறவர் தனியே அரைமணி நேரம் அமர்ந்திருக்க முடியும். அதற்கு ஈடான சிகிச்சை எந்த விடுதியிலும் கிடைக்காது.

மடங்களைச் சுற்றிலும் மயானங்களிலும் கச்கார் எனப்படும் சிலுவைக் கற்கள் நிற்கின்றன. ஆளுயரப் பலகைக் கல்லில் சிலுவை, அதன் அடியில் இலையோ வட்டப் பூவோ, சுற்றிலும் திராட்சைக் கொத்தும் மாதுளையும் முடிச்சுக் கோலமும். ஒன்றைப் போல் இன்னொன்று கிடையாது. கோஷாவாங்க் மடத்தில் போகோஸ் என்ற சிற்பி 1291இல் செதுக்கிய கல்லைப் பார்த்தால் ஊசியால் பின்னிய சரிகை போலிருக்கும். ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அடுக்கில் குடைந்திருக்கிறார். செவான் கரையில் நொராதுஸ் மயானத்தில் இத்தகைய கற்கள் எண்ணூறுக்கும் மேலாக நிற்கின்றன.

சாப்பாட்டைப் பற்றித் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குக் கவலை இருக்கும். ஆர்மீனியர் இறைச்சிப் பிரியர்கள். கனலில் வாட்டிய கொரோவாட்ஸ் இல்லாமல் விருந்து இல்லை. ஆனால் அவர்கள் திருச்சபை நோன்பு நாட்கள் மிகுந்தது. நோன்பு உணவில் இறைச்சி, பால், முட்டை எதுவும் கூடாது. ஆகவே ‘பாஸ்’ உணவு வேண்டும் என்று கேட்டால் போதும், சைவர்களுக்குக் குறையே இல்லை. கொண்டைக்கடலை, காராமணி, பயறு முதலிய ஏழு தானியங்களை முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய பாசுட்ஸ் தொல்மா, மலைகளில் பறித்துச் சடைபோலப் பின்னி உலர்த்திய அவெலுக் கீரையில் வைத்த குழம்பு, பல வகைக் கீரைகளைப் பொடியாக நறுக்கி உள்ளே வைத்துத் தட்டிய ஜெங்கியாலோவ் ஹாட்ஸ் எல்லாம் அந்த மண்ணின் சொந்த உணவுகள். கடைசியாகச் சொன்னது கராபாக் மலைநாட்டு ரொட்டி. 2023 செப்டம்பரில் நடந்த போரால் அங்கிருந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வெளியேறி ஆர்மீனியாவில் தஞ்சமடைந்தனர். பிறந்த ஊரின் ரொட்டி அவர்களோடு வந்து இன்று பலருக்குப் பிழைப்பாகவும் இருக்கிறது. தயிர், மோர் இரண்டும் எங்கும் கிடைக்கும். ‘மத்சூன்’, ‘தான்’ என்று கேட்க வேண்டும்.

லவாஷ் ரொட்டி சுடுவதை ஒரு முறை அருகிலிருந்து பார்க்க வேண்டும். தரைக்குள் புதைத்த தோனிர் என்ற மண் அடுப்பைச் சுற்றி மூன்று நான்கு பெண்கள் அமர்வார்கள். ஒருத்தி மாவை உருட்ட, இன்னொருத்தி அதைக் கைக்குக் கை வீசித் துணிபோல மெல்லிதாக்குவாள். வைக்கோல் அடைத்த நீள்வட்டத் திண்டின்மேல் அதை விரித்து, அடுப்புக்குள் குனிந்து சூடான சுவரில் ஓங்கி அறைவாள். ஒரு நிமிடத்துக்குள் கொப்புளம் கட்டிச் சிவந்துவிடும். இரும்புக் கொக்கியால் தூக்கி அடுக்குவார்கள். உலர்த்தி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. தண்ணீர் தெளித்தால் மீண்டும் மிருதுவாகும். கல்யாணமாகி வீட்டுக்குள் நுழையும் மணமக்கள் தோளில் லவாஷைப் போர்த்துவது வழக்கம். கிராமங்களில் வேடிக்கை பார்க்க நிற்பவர் கையிலும் சூடான ரொட்டியும் வெண்ணெய்க்கட்டியும் வந்து சேர்ந்துவிடும். அதை மறுப்பது அவர்களை வருத்தும்.

உடம்புக்கான ஓய்வு என்றால் மூன்று ஊர்களைச் சொல்லலாம். சுமார் 2,000 மீட்டர் உயரத்திலுள்ள ஜெர்முக் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போனது. சோவியத் காலம் தொட்டு மருத்துவர் மேற்பார்வையில் நீர்ச்சிகிச்சை தரும் விடுதிகள் அங்கே நடக்கின்றன. தூண் வரிசை கொண்ட மண்டபமொன்றில் கல் சாடிகளில் வெவ்வேறு சூட்டில் கனிமநீர் விழுகிறது. விடுதிவாசிகள் கோப்பையோடு காலையிலும் மாலையிலும் வந்து மெல்ல உறிஞ்சியபடி உலாவுகிறார்கள். இந்த ஊர் 2022 செப்டம்பரில் எல்லைச் சண்டையில் குண்டுவீச்சுக்கு ஆளானது. ஆகவே புறப்படுமுன் நிலவரம் விசாரிப்பது அவசியம். சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்கள் கனிமநீரைத் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கலாகாது.

செவான் ஏரி சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் கடலாக விரிந்து கிடக்கிறது. மண்டல்ஷ்டாம் தங்கிய தீவு இப்போது தீவு அல்ல. பாசனத்துக்கும் மின்சாரத்துக்குமென்று சோவியத் காலத்தில் நீரை இறைத்ததில் ஏரி சுமார் 20 மீட்டர் இறங்கிவிட்டது. தீவு கரையோடு சேர்ந்துகொண்டது. பிழையை உணர்ந்து, அர்ப்பா ஆற்றிலிருந்து மலையைக் குடைந்து 48 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டி 1981 முதல் நீர் கொண்டுவருகிறார்கள். 874இல் எழுந்த செவானாவாங்க் மடத்தின் அருகிலேயே எழுத்தாளர் இல்லம் இருக்கிறது. இதை 1930களில் வடிவமைத்த கேவோர்க் கோச்சாரும் மிக்காயேல் மஸ்மான்யானும் 1937இல் கைதாகிச் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள். மீண்டுவந்த கோச்சார் 1960களில் அதே இடத்தில் ஏரிமேல் நீட்டிக்கொண்டு நிற்கும் உணவுக்கூடத்தைக் கட்டினார்.

மூன்றாவது திலிஜான். வறண்ட மலைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த ஊரின் பீச், ஓக் காடுகள் வேறு நாடுபோலத் தோன்றும். ஹகார்ட்சின், கோஷாவாங்க் மடங்களுக்குக் காட்டு வழியாக நடந்தே போகலாம். மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் திலிஜானைச் சொல்வதே முறை. நடப்பதற்கு ஏற்ற ஊர், மடம் உண்டு, மழை உண்டு, பேச ஆளும் உண்டு.

போக நல்ல காலம் மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர். ஜூலை ஆகஸ்டில் யெரெவான் 40 டிகிரியை எட்டும். ஆனால் பாதாமிப் பழம் பழுப்பதும், ஈஸ்டருக்குப் பதினான்கு வாரம் கழித்து வரும் வர்தவார் திருநாளில் தெருவில் போகிறவர் எல்லார்மேலும் தண்ணீர் ஊற்றுவதும் கோடையில்தான். குளிர்காலத்தில் மலைச்சாலைகள் பனியால் அடைபடும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விசாவுக்கு இணையம்வழியே விண்ணப்பிக்க முடிகிறது. விதிகள் மாறக்கூடியவை என்பதால் டிக்கெட் எடுக்குமுன் சரிபார்க்க வேண்டும். எல்லையோரப் பகுதிகளைப் பற்றி வெளியுறவு அமைச்சகம் தரும் அறிவுரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாணயம் டிராம். கிராமங்களில் ரொக்கம் தேவைப்படும்.

பத்து நாள் கையில் இருந்தால் யெரெவானுக்கு நான்கு, திலிஜானுக்கு நான்கு, செவானுக்கு இரண்டு என்று பிரித்துக்கொள்வது போதுமானது. தெற்கே தாத்தேவ் மடத்துக்குச் செல்லும் 5.7 கிலோமீட்டர் கம்பிவட ஊர்தியும், வடக்கே ஹக்பாட், சனாஹின் மடங்களும் நிச்சயம் ஈர்க்கும். அவற்றையும் இந்தப் பத்து நாளுக்குள் திணித்தால் பாதி நாள் வண்டியில் கழியும். அவற்றை இன்னொரு பயணத்துக்கு விட்டுவிட்டு, தங்கிய ஊரில் தினமும் ஒரே கடையில் ரொட்டி வாங்குங்கள். மூன்றாம் நாள் கடைக்கார அம்மாள் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுப்பார்.